எறும்பு மொய்த்த எழுத்து

எங்கள் மாமா மீசையை மழித்துவிட்டு வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அதற்கு முந்தின வாரம் நான் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் எண்பது நெருங்குகிறது. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். விளாங்குடியில் வீடு, மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைகை மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பிறகு ஏறி மிதித்து, கீழக்குயில்குடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். முகத்தில் அந்த மீசை இருக்கும். இரண்டு பக்கமும் நுனி மேலே திரும்பிய, எண்ணெய் போட்டுச் சீவிய மீசை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருந்ததாகக் கேள்வி.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. தினம் மதுரைக்குப் போய், பத்திரப் பதிவு ஆபீசில் நாளெல்லாம் பத்திரங்களைப் பார்த்துப் புத்தகத்தில் நகல் எழுதுவது அவருடைய வேலை. யாருடைய நிலமோ, யாருடைய வீடோ, நான்கு எல்லையும் அவர் கையால் எழுதப்பட்டன. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்தது எங்கள் ஊர் மலையில் இருந்த எழுத்துகள். சமணர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டிவிட்டுப் போன வட்டெழுத்து. ஊரில் எல்லாரும் அந்தக் குகைகளைப் பாண்டவர்கள் படுத்த இடம் என்று சொல்லி ஆடு ஓட்டிக்கொண்டு கடந்து போவார்கள். சித்தப்பா மட்டும் அங்கே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார். ஊருக்கு அவர் கொஞ்சம் மரை கழன்றவர்.

இந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை போட்டார்கள். அப்படி ஒரு சந்தோஷமான சண்டையை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

மாமா செம்பருத்திப் பூவைக் கசக்கி வெந்நீரில் ஊற வைப்பார். அந்தத் தண்ணீரை அம்மாவின் இரண்டு தம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சம் பழத்தைப் பிழிவார், இன்னொன்றில் சுண்ணாம்பைப் போடுவார். ஒன்று ரோஜா நிறத்துக்கு ஏறும், மற்றது பச்சையாகும்.

"பாத்தீங்களா மாப்ள? விளாங்குடியில செஞ்சாலும் இதே நெறம், சீமையில செஞ்சாலும் இதே நெறம். என் பேச்சை நம்ப வேணாம், நீங்களே செஞ்சு பாருங்க. உங்க சரித்திரத்துல எதையாச்சும் இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, கால்ல விழுறேன்."

"இந்த மலை ஒரு தடவைதான மச்சான் உண்டாச்சு? அதை எந்தத் தம்ளர்ல மறுபடி செஞ்சு பாத்தீங்க?"

"மலை பொய் சொல்லாது மாப்ள. மனுசன் சொல்லுவான். கல்லுல வெட்டி வச்சும் சொல்லுவான்."

"சொல்லட்டுமே. நான் தெனம் பாக்குற பத்திரத்துல பாதி பொய்தான். ஆனா எழுதுன கை இருக்கே, அது பொய் சொல்லாது."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "அண்ணே, அந்தத் தம்ளர்லதான் நாளைக்குக் காப்பி குடிக்கணும். கழுவி வச்சுட்டுச் சண்டை போடுங்க."

கை பொய் சொல்லாது என்று சித்தப்பா சொன்னது வெறும் பேச்சல்ல. பத்திரத்தின் அடியில் இருக்கும் எழுதியவர் பெயரைப் பார்க்காமலே, இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை ஒரு பழைய பத்திரம் வழக்குக்கு வந்தது. இறந்துபோன ஒரு பத்திர எழுத்தர் எழுதியதாக அதில் கையெழுத்து இருந்தது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது அவரு கை இல்ல, அவரு சிஷ்யன் கை. குரு எழுதுற மாதிரியே எழுதியிருக்கான். ஆனா ககரத்தை முடிக்கிற எடத்துல அவசரப்படுறான்" என்றார். அப்படியே ஆனது. மாமா இதைக் கேட்டுவிட்டு, "ஒரு தடவை சரியாப் போச்சு. நூறு தடவை சொல்லுங்க, எத்தனை தப்புன்னு எண்ணுவோம்" என்றார்.

இதைச் சொன்னேனே, என் கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரன். எங்கள் பக்கத்தில் அதைப் பீச்சாங்கை என்பார்கள். அந்தச் சொல்லிலேயே அந்தக் கை எதற்கு மட்டும் உரியது என்பது இருக்கிறது. நான் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் கையால் சோற்றைப் பிசைந்ததை உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சிலேட்டிலும் அதே கையால் எழுதுகிறான் என்று வாத்தியார் வேறு சொல்லி அனுப்பினார். அப்பா நல்ல விவசாயி, நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் சிரித்தால் தாங்காதவர். தோசைக் கரண்டியை அடுப்பில் வைத்து என் இடது புறங்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அவரே வெண்ணெய் தடவினார். "இனி ஒருக்கா அந்தக் கை எழுதுச்சுன்னு கேள்விப்பட்டேன், அடுப்புக்குள்ளயே விட்டுருவேன்" என்றார். அதன்பிறகு நான் வலது கையால் எழுதினேன், கோணலாக. வீட்டில் எல்லாரும் பழக்கம் மாறிவிட்டது என்று நிம்மதியடைந்தார்கள்.

மாறவில்லை என்பது சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும். சாயங்காலங்களில் என்னைத் தோட்டத்துக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போவார். ஆபீசில் வீணான தாள்களை மடித்துக் கொண்டு வந்திருப்பார். "யாரும் இல்லடா. ஒன் சொந்தக் கையால எழுது" என்பார். நான் எழுதுவேன். தண்ணீருக்குள் விட்ட மீன்போல அந்தக் கை ஓடும். ஆனால் அதில் ஒரு கோணல் உண்டு. எழுத்துகளின் வால் எல்லாம் சுழிக்க வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுழித்துக்கொள்ளும். சித்தப்பா தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பார். "எல்லாருக்கும் சுழி வாசப்பக்கம் போகும். ஒனக்கு மட்டும் கொல்லைப்பக்கம் போகுதேடா!" எங்கள் இருவருக்குள் அது ஒரு பேச்சாகிவிட்டது. வீட்டில் நான் கோணலாக ஏதாவது செய்தால், "கொல்லைப்பக்கமாப் போகுது" என்று யாருக்கும் புரியாமல் சொல்லிக் கண்ணைச் சிமிட்டுவார்.

அந்த வருஷம் சித்தப்பா ஒரு புது எழுத்தைக் கண்டுபிடித்தார். எல்லாரும் போகும் குகையில் அல்ல. மலையின் பின்பக்கம், மழைக்கு ஆடுகள் ஒதுங்கும் ஒரு பாறை. அதில் உள்ளங்கை அளவுக்கு உட்கார்ந்த நிலையில் ஒரு சிறிய உருவம், அதன் கீழே ஒரே ஒரு வரி. ஓர் ஊரின் பெயர். ஒரு தகப்பனின் பெயர். அதன் பிறகு ம, க என்று இரண்டு எழுத்து. அடுத்த எழுத்து இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் வழிந்து தேய்ந்த பள்ளம். பிறகு "செய்வித்த திருமேனி" என்று தெளிவாக முடிந்தது.

செய்வித்தது மகனா, மகளா? சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளாத அந்த ஆள் ஆணா பெண்ணா என்பது தேய்ந்துபோன ஒற்றை எழுத்தில் நின்றது.

சித்தப்பாவுக்கு மகளாக இருக்க வேண்டும் என்று ஆசை. மாமாவுக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. "இதான் மாப்ள உங்க சரித்திரம். ஓட்டையைக் கண்டா உங்களுக்குப் பிடிச்சதை வச்சு அடைச்சுக்குவீங்க. மகள்னு நிரூபிச்சுக் காட்டுங்க, இந்த மீசையை எடுத்துர்றேன்." சொல்லிவிட்டு நுனியை முறுக்கினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மாமாவின் முகத்தை மீசை இல்லாமல் கற்பனை செய்து பார்த்தேன். அதைவிடப் பார்க்கத் தகுந்த காட்சி உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

சித்தப்பா அந்த வரியைக் கையால் பார்த்து எழுதிக் கல்வெட்டு இலாகாவுக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்தது. ஓர் அதிகாரி சுற்றுப்பயணத்தில் மதுரை வருகிறார், வருகிற புதன்கிழமை நேரில் வந்து பாறையைப் பார்ப்பார், இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளைத் தாளில் படி எடுக்க நம்பிக்கையான ஓர் ஆள் தேவைப்படுகிறது, அதைப் பற்றியும் பேசலாம் என்று இருந்தது. சித்தப்பா அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். பத்திர ஆபீசை விட்டு மலை மலையாகப் போகலாம். "நம்பிக்கையான" என்ற சொல் வரும்போதெல்லாம் குரல் கொஞ்சம் இறங்கும். அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தாள்.

நான் செய்ததை இனி ஒளிக்காமல் சொல்கிறேன்.

சனிக்கிழமை சித்தப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். அவர் மலைக்கு எடுத்துப்போகும் துணிப்பை ஆணியில் தொங்கியது. அதில் ஒரு நோட்டு, ஒரு நார்த்தூரிகை, பாறையில் ஒட்டிய பறவை எச்சத்தைச் சுரண்ட அம்மி கொத்துகிறவரிடம் வாங்கிய சின்ன உளி, பசிக்குக் கடிக்க ஒரு துண்டுக் கருப்பட்டி. அதைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு நான் மலைக்குப் போனேன். மலையடியில் இருந்த தாமரைக் குளத்துப் பக்கம் யாரும் இல்லை. பாறைக்குக் கீழே உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். முதல் பக்கங்களில் சித்தப்பா வட்டெழுத்துகளை வரிசையாக எழுதி, எதிரே இப்போதைய எழுத்தைப் போட்டிருந்தார். ளகரத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். நோட்டை மூடினேன்.

யாரும் பார்க்கவில்லை. அதனால் சொந்தக் கையால் வேலை செய்தேன். வலது கையில் உளி, இடது கையில் கைக்கு அடக்கமான ஒரு கல். அம்மி கொத்துகிறவர் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி டொக் டொக்கென்று. நான் நினைத்ததைவிடப் பாறை கெட்டி. உள்ளங்கை கொப்புளித்தது. வெயில் இறங்கும் நேரத்தில், தேய்ந்த பள்ளம் இருந்த இடத்தில் ஒரு முழு ளகரம் இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். எவ்வளவு பெருமை! சித்தப்பா ஜெயித்துவிட்டார். மாமா மீசையை எடுக்கப் போகிறார்.

ஒரே ஒரு குறைதான். மற்ற எழுத்துகள் பழுப்பாக இருந்தன. என் எழுத்து பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. மண்ணைப் பூசினேன், காய்ந்ததும் உதிர்ந்தது. அப்போதுதான் கருப்பட்டி ஞாபகம் வந்தது. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் கொஞ்சம் கரைத்துத் தடவினேன். ஆயிரம் வருஷத்துப் பழுப்பு அச்சாக வந்துவிட்டது. சித்தப்பா திரும்புமுன் வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மாமா வந்தார். மூன்று பேரும் மலை ஏறினோம். சித்தப்பா வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு சங்கதி இருக்கு மச்சான். மேல வாங்க, அங்க வச்சுச் சொல்றேன். நீங்க கேட்டா சந்தோசப்படுவீங்க" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். நான் செய்தது இவருக்கு அதற்குள் எப்படித் தெரியும்?

பாறைக்கு முதலில் போனது மாமா. குனிந்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"மாப்ள, இங்க வாங்க. உங்க சமணர் எறும்புக்குப் பொங்கல் வச்சிருக்காரு!"

வரியில் மற்ற எழுத்தெல்லாம் கல்லாக இருந்தது. ஓர் எழுத்து மட்டும் எறும்பாக இருந்தது. கட்டெறும்புகள் ஒரு பிசகில்லாமல் நான் வெட்டிய கோட்டிலேயே உட்கார்ந்திருந்தன. ளகரம் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது.

மாமா வாயால் ஊதினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பழைய எழுத்துகளின் பள்ளத்துக்குள் பாசி பூத்திருந்தது, விளிம்பு விரலுக்கு வழவழவென்று இருந்தது. அந்த ஒன்றில் பாசி இல்லை. விளிம்பு விரலைக் கீறியது. பள்ளத்தில் கல்மாவு இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சித்தப்பாவின் தோளிலிருந்து பையை வாங்கினார். உளியின் முனையில் வெள்ளை மாவு. ஈரமாகிக் காய்ந்த கருப்பட்டித் துண்டு. இரண்டையும் பாறைமேல் வைத்தார்.

"மாப்ள, இது நேத்து வெட்டுனது" என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை.

நான் சித்தப்பாவையே பார்த்தேன். அவர் முதலில் திகைத்துப் போனார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு பாறையிடம் குனிந்தார். வலது கை ஆள்காட்டி விரலால் காற்றில் அந்த எழுத்தை ஒரு தடவை எழுதினார். தலையைச் சாய்த்தார். பிறகு இடது கை விரலால் அதே எழுத்தைக் காற்றில் எழுதினார். விரலை மடக்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா மச்சான்" என்றார். "புத்தி கெட்டுப்போச்சு."

"எதுக்கு மாப்ள? ஒரு பந்தயத்துக்கா? இல்ல அந்த வேலைக்கா?"

"எல்லாத்துக்குந்தான்."

மாமா பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். தங்கச்சிட்டகூடச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆபீசருக்கு இதை நீங்க காட்டக் கூடாது மாப்ள."

"காட்டல மச்சான்."

"ஏதோ சங்கதின்னு சொன்னீங்களே, இதுதானா?"

சித்தப்பா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆமா, இதான்" என்றார்.

மூவரும் இறங்கினோம். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. அப்பாவின் கரண்டி மனதில் வந்ததும் உண்மைதான். ஆனால் சித்தப்பா தானே செய்ததாகச் சொல்லிவிட்டபோது, ஒருவேளை அவரும் நேற்று வந்து ஏதாவது தட்டியிருப்பாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் செய்யாததைச் செய்தேன் என்று சொல்வார்கள் என்பது அந்த வயதில் என் அறிவுக்கு எட்டாத விஷயம்.

திங்கட்கிழமை சித்தப்பா அதிகாரிக்கு எழுதிப் போட்டார். தாம் படித்ததில் தவறு இருப்பதாகவும், வந்து பார்க்கத் தேவையில்லை என்றும். அதிகாரி வரவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள். சாமி படத்துப் பூவை அம்மா எடுத்துப்போட்டாள், ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா மீசை இல்லாமல் வந்தார். மேலுதடு உரித்த கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. நான் சிரித்தேன். வாசலில் உருண்டு சிரித்தேன். அம்மா என்ன அண்ணே இது என்று பதறினாள். "வெயில் அடிக்குதும்மா" என்றார் மாமா. சித்தப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பந்தயத்தில் மாமா தோற்கவில்லையே, பிறகு ஏன் எடுத்தார் என்று எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான். ஆனால் நான் ஆசைப்பட்ட காட்சி கிடைத்துவிட்டது. தன் வாய்ச் சவடால்தான் ஒரு நல்ல மனிதனைத் திருட்டு வேலைக்குத் தள்ளிவிட்டது என்று நம்பித் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனை அது என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அவர் பிறகு சாகும்வரை மீசை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டைகளும் அதோடு போயின. மாமா வந்தார், சாப்பிட்டார், மழையைப் பற்றியும் யுத்தத்தைப் பற்றியும் பேசினார். இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை.

அவர் வழியிலேயே நான் படித்தேன். ரசாயனம் படித்து, ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் அதையே சொல்லிக்கொடுத்தேன். பையன்கள் சோதனையைச் செய்யாமலே விடையை எழுதிவிட்டு வருவார்கள். நான் திட்டியதே இல்லை. போ, திரும்பச் செய் என்பேன். திரும்பச் செய்தால் பொய் தானாகக் கழுவிப்போகும், அந்தக் குடுவையும் அந்தத் திராவகமும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்லும். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் அந்தப் பாறை என் கண்முன் வந்து நின்றது. அங்கே ஒரே ஒரு சாட்சி. ஆயிரம் வருஷம் மழையில் நின்று, தேய்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயில் என் சொல்லைச் செருகிவிட்டேன். அதற்கு அடியில் இருந்ததை இனி எந்தக் கண்ணாடி வைத்தும் பார்க்க முடியாது.

மாமாவைப் பற்றியும் யோசிப்பேன். எறும்பு, பாசி, கல்மாவு எல்லாவற்றையும் அவர் சரியாகத்தான் பார்த்தார். எப்போது வெட்டியது என்பதைக் கல் சொன்னது. யார் வெட்டியது என்பதைக் கல் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவரும் ஓட்டையைக் கண்டு, கையில் அகப்பட்டதை வைத்து அடைத்துவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அப்படிச் செய்திருந்தால் விட்டிருக்க மாட்டார். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவர் படுத்த படுக்கையாக இருந்தார். பார்க்கப் போனேன். சொல்லத்தான் போனேன். "ஒங்க சித்தப்பா நல்ல மனுசன்டா மருமகனே. ஒரே ஒருக்காதான் தவறுனாரு. அதுவும் என்னாலதான்" என்றார். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

சித்தப்பா பத்திர ஆபீசிலேயே நகல் எழுதி ஓய்வு பெற்றார். கடைசிவரை என்மேல் அவருக்கு இருந்த பிரியம் ஒரு மாற்றுக் குறையவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு ஒரு பேனா வாங்கித் தந்தார். "எந்தக் கையில வேணாலும் எழுதும்" என்றார். அவர் காலமான பிறகு அவர் மகள் ஒரு பழைய துணிப்பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "அப்பா ஒங்கட்டதான் குடுக்கச் சொன்னாங்கண்ணே" என்றாள்.

அதே நோட்டு. முதல் பக்கங்களில் அதே எழுத்து வரிசை, நான் ளகரம் தேடிய பக்கம். அன்றைக்கு நான் அதோடு மூடிவிட்டேன். இப்போது புரட்டினேன். இரண்டு பக்கம் தள்ளி, பென்சிலில் இப்படி இருந்தது:

"வெள்ளிக்கிழமை. மாலை வெயில் சாய்வாக விழும்போது நனைத்துப் பார்த்தேன். கீழ்க்கோடு தெரிகிறது. ன் என்றே படுகிறது. மகன்தான். மச்சானின் மீசை பிழைத்தது. ஞாயிறன்று மலையில் வைத்துச் சொல்ல வேண்டும்."

அதுதான் அவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வைத்திருந்த சங்கதி. தோற்றுவிட்டேன் என்று சொல்வதற்குத்தான் அவ்வளவு சந்தோஷமாக மலை ஏறினார். அந்தப் பக்கத்தைப் பாறைமேல் விரித்திருந்தால் போதும். மகள் என்று வெட்டச் சித்தப்பாவுக்கு ஒரு காரணமும் இல்லை என்று மாமாவுக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் வெட்டியது யார் என்பது. நோட்டு சித்தப்பாவின் தோளிலேயே, அந்தப் பைக்குள்தான் இருந்தது.

அடுத்த பக்கத்தில் மையால் அந்த வரி முழுவதையும் எழுதியிருந்தார். தேய்ந்த எழுத்தின் இடத்தில் ஒரு சின்னக் கட்டம். அதற்கு நேராக ஓரத்தில்:

"இவ்விடத்து எழுத்து பிற்காலத்தது. சுழி கொல்லைப்பக்கம். வாசிக்க வேண்டாம்."

அன்று மலையிலிருந்து இறங்கும்போது சித்தப்பா பிடித்துக்கொண்டது என் இடது கையை. வழுக்காமல் இருக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். உள்ளங்கையில் முந்தின நாள் கொப்புளங்கள் இருந்தன. அவருடைய கட்டைவிரல் ஒவ்வொரு கொப்புளமாகத் தேடித் தடவிக்கொண்டே வந்தது, கீழே தாமரைக் குளம் வரைக்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது. நெளிந்தேன். சிரிப்புக்கூட வந்தது.